அடித்தண்ணீர் மேலே வந்த வாரம்

1991 மே 7, செவ்வாய்

இன்றைக்கும் தண்ணீர்ச் சூடு அளக்க நடுக்குளத்துக்குப் போகவில்லை. குளக்கட்டில் நின்ற ஆமிக்காரர் காலையிலேயே அக்கரைப் பற்றைக்காட்டுக்குள் சுட்டார்கள். நான் தோணியில் ஏறாமல் கரையிலேயே நின்றுவிட்டேன். தோணிக்காரர் முத்தலிப் நானா, "பயமெண்டா உடுங்க தங்கச்சி. கொப்பியில எதையாவது எழுதுங்க, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். மாசியில் அளந்ததைப் பார்த்து அப்படியே எழுதினேன்: மேல்தண்ணீர் 28 பாகை, அடித்தண்ணீர் 28. இப்படி அளக்காமல் எழுதுவது இது மூன்றாவது கிழமை. எங்கள் மீன்பிடித் திணைக்களக் கந்தோரில் யார்தான் இதை வாசிக்கிறார்கள்?

மே 10

வெக்கை. ஓரிலை அசையவில்லை. இப்படியே நாள் போனால் குளம் இரண்டாய்ப் பிரிந்துவிடும். மேலே சூட்டுத் தண்ணீர், கீழே காற்றுப்படாத, கூழ்முட்டை நாற்றமடிக்கும் தண்ணீர். ஒன்றோடொன்று கலக்காது. படித்துவிட்டுத்தானே இந்த வேலைக்கு வந்தனான்? அளந்திருந்தால் மேலுக்கும் அடிக்கும் நாலு பாகையாவது வித்தியாசம் காட்டியிருக்கும். என்மேலேயே எனக்கு எரிச்சல்.

மே 13

நேற்று முழுக்கக் கச்சான் காற்று அடித்தது. இன்று விடியக் குளம் நிறையச் செத்த மீன். ஆமிக் காம்பில் உள்ளவர்களும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறவர்கள். இயக்கம் சொல்லிக் குளத்தில் நஞ்சு போட்டாராம் என்று ஆமிக்காரர் முத்தலிப் நானாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நஞ்சில்லை, நஞ்சில்லை. காற்றுக் குளத்தைப் புரட்டி அடித்தண்ணீரை மேலே கொண்டுவந்துவிட்டது. மீன் மூச்சு முட்டிச் செத்தது. வேறொன்றுமில்லை.

மே 14

என் கொப்பியைக் காம்புக்கு எடுத்துப் போனார்கள். எங்கள் மேலதிகாரி அதைப் பார்த்து, மேலும் அடியும் ஒரே சூடு, குளத்தில் கெட்ட தண்ணீரே இருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாராம். அப்படியென்றால் நஞ்சுதானே! என் பொய்யை நம்பித்தான் அந்த மனிசன் எழுதினார்.

பின்னேரம் நானாவின் மனைவி பரீதா குறிஞ்சாக்கேணியிலிருந்து துறை தாண்டி லிங்கநகருக்கு, என் வீட்டுக்கே வந்தா. பள்ளிவாசல் ஆட்கள் காம்பில் அவரைப் பார்த்தார்களாம். அந்தப் பிள்ளை கிழமைக்குக் கிழமை அளந்ததா என்று ஆமி கேட்க, அளந்தது என்றுதான் சொல்கிறாராம். "அத மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்றாராம். ஏன் மகள்?" என்று என்னைக் கேட்டா.

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வெட்கங்கெட்டவள்.

மே 15

காம்புக்குப் போனால் திரும்பி வருவேனா? கனகசுந்தரம் மாமாவின் மகன் விசாரணைக்கென்று போனவன், இன்றுவரை இல்லை. ஏன் பொய் எழுதினாய், யாருக்காக எழுதினாய் என்று கேட்டால் என்ன சொல்லுறது? எனக்குச் சாகப் பயம். அவருக்கும் பயமாய்த்தானே இருக்கும்.

மே 16

போனேன்.

மொழிபெயர்க்க ஒருவரை இருத்தியிருந்தார்கள். "கொப்பியில கிடக்கிறது பொய். நான் அளக்கேல்லை, பயத்தில எழுதினனான். என்னைக் காப்பாத்தத்தான் நானா அளந்ததெண்டு சொல்லுறார்" என்றேன். அவர்கள் நம்பவில்லை. பிறகு விராலைப் பற்றிச் சொன்னேன். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீன், தண்ணீரில் காற்றில்லாவிட்டாலும் சாகாது, நஞ்சென்றால் அதுவும் செத்திருக்கும். ஒரு சிப்பாய் போய் உயிரோடு மூன்று விரால் கொண்டுவந்தான். வாளிக்குள் துள்ளிக்கொண்டிருந்தன. பொழுதுபடும்போது என்னை விட்டார்கள். அவரை விடவில்லை.

மே 18

வாசல் படலைச் சத்தம் கேட்டாலே ஆமியோ என்று ஓடிப்போய் யன்னலால் பார்க்கிறேன்.

மே 21

நானாவை விட்டுவிட்டார்கள். முருகா.

மே 28, செவ்வாய்

கந்தோரிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது, வேலை போகவில்லை. குளத்துக்குப் போனபோது முத்தலிப் நானா குளக்கட்டில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், விடவில்லை.

"நீங்க அங்க வந்திருக்கக்கூடாது தங்கச்சி. நான் இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருப்பன்."

தோணியில் ஏறித் துடுப்பைப் பிடிக்கப் பார்த்தார். வலக்கை விரல்கள் மடங்கவில்லை. இரண்டாந்தரமும் பிடித்துப் பார்த்தார். துடுப்பை நான் வாங்கிக்கொண்டேன். எனக்குத் தோணி விடத் தெரியாது, சுற்றிச் சுற்றிப் போனது. நடுக்குளம் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் பிடித்தது.