மூன்றாம் டப்பாவின் புடைத்த வயிறு

வெண்டெல்,

அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

பல்லி வாசனைக்காவது தின்னட்டும் என்று பல்லித்தோலைத் தேய்த்துக் கொடுத்தும் ஐந்து வாரமாக எலிக்குஞ்சைத் தொடாத மூன்றாம் டப்பா கிங்ஸ்நேக் பாம்புக்குட்டிக்கு நேற்றிலிருந்து வயிறு புடைத்திருக்கிறது. “ஒருவழியா எலியைத் தின்னுடுச்சு, ஆர்லீன்!” என்று நேற்றுக் குதித்தாயே, ஃப்ரீசரில் இருப்பதை இன்று எண்ணினேன். எலிக்குஞ்சு ஒன்றுகூடக் குறையவில்லை.

நான்காம் டப்பாக் குட்டி தப்பி ஓடிவிட்டது என்றாய். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. பாம்பையே விழுங்குகிற ஜாதி என்று தெரிந்தும், டப்பா கழுவும்போது இரண்டையும் ஒன்றாகப் போட்டாயா? மழுப்பாமல் சொல்.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

பி.கு.: சோபாவுக்கடியில் டார்ச் அடித்துத் தேடும் நாடகமெல்லாம் வேண்டாம். நான்காவது எங்கும் ஓடவில்லை, மூன்றாவதின் வயிற்றில்தான் இருக்கிறது.

இன்னொன்று: நான் செல்லமாக உன் பெயரை வைத்திருந்தது அந்த நான்காவதுக்குத்தான்.