பழைய காந்தத் துண்டு

சின்னவளின் அம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கமாட்டாய். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

ஒரு வேடிக்கை கேள். பல்லேடியம் மாதிரி விலைகூடிய உலோகம் இல்லாமல், வெறும் இரும்பை வைத்தே வேதிவினையை முடுக்கும் வினையூக்கி ஒன்றைச் செய்தேன் அல்லவா? அது என் குடுவையில் மட்டும்தான் வேலை செய்தது. "உங்க கைராசி சார்" என்றார், என்னைவிடப் பத்து வயது சின்னவரான பேராசிரியர். அதை நம்பித்தான் என் வேலையை இரண்டு வருடம் நீட்டிப்பதாக இருந்தார்.

குடுவைக்குள் சுழன்று கலக்கும் காந்தத் துண்டை நான் நாலு வருடமாக மாற்றவில்லை. பழைய சோதனைகளின் பல்லேடியம் அதில் கறையாக ஒட்டியிருக்கிறது. வேலை செய்தது அந்தக் கறைதான். போன வாரம் புதுத் துண்டு போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. "பழசைத் தூக்கிப் போட மனசே வராதே உங்களுக்கு" என்று திட்டுவாயே, அதேதான்.

நானே பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "சொல்லாம இருந்திருக்கலாமே சார்" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வேலை நீட்டிப்பு இனி இல்லை, ஊருக்கே வந்துவிடுகிறேன்.

என் மேஜையிலிருந்து உன் தையல் மெஷினை எடுக்க வேண்டாம். அலமாரியில் ஒரு தட்டு மட்டும் காலி செய்து வை. "நாற்பத்தாறு வயசுலயும் மாப்பிள்ளை படிச்சுக்கிட்டே இருக்காரா?" என்று பந்தியில் கேட்ட உன் அண்ணனிடம், லீவில் வருகிறேன் என்றே சொல்லிவை.

ராத்திரி ஆகிவிட்டது, ஆய்வகத்தைப் பூட்டப் போகிறார்கள். அந்தக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திட்டாதே.

சின்னவளின் அப்பா