நான்கு வெற்றுத் தாள்கள்

அனுமந்தன்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அக்கம்மாளுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும், சின்னமனூரில் நீ தங்கியிருக்கும் உன் மகள் வீட்டாரோடும் இருப்பதாக. கண்ணாடி இல்லாமலே நீ படிக்கவேண்டும் என்று பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

இங்கே மழை போதவில்லை. ஆனாலும் திராட்சை நன்றாகக் கொத்துவிட்டிருக்கிறதாம். கோயிலுக்கு வெள்ளை அடித்தாயிற்று. மூட்டுவலியால் நீ பூசைக்கு வரவில்லை என்று பெண்களிடம் சொல்லிவைத்திருந்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

நம் பங்குமக்கள் எல்லோரும் சேர்ந்து விவிலியத்தைக் கையால் எழுதத் தொடங்கியபோது, யாருக்கு எந்த அதிகாரம் என்று திருவுளச்சீட்டுப் போட்டோம். ஆண்டவரே பங்கிட்டுக் கொடுக்கட்டும் என்று சொன்னவள் நான். உனக்கு யோவான் நற்செய்தியில் திராட்சைக்கொடி அதிகாரம் வந்தது. "ஆத்தாடி, கொடிக்குக் கூலிக்குப் போறவளுக்குக் கொடியவே அனுப்பிட்டாகளே ஆண்டவரு!" என்று கைதட்டிச் சிரித்தாய்.

நீ எழுதித் தந்த நான்கு தாள்களையும் சரிபார்த்தேன். வரிகள் ஏறி இறங்கின. ளகரமும் ழகரமும் இடம் மாறிக் கிடந்தன. கிளைகளைக் கழிப்பதைச் சொல்லும் இடத்தில் "கவாத்து பண்ணுவார்" என்று நீயாக எழுதியிருந்தாய். கன்னியர் மடத்துப் பள்ளியில், ஒரு புள்ளி விட்டுப்போனாலும் முழுப்பக்கத்தையும் திரும்ப எழுதி வளர்ந்தவள் நான். பொறுக்கவில்லை. அந்த அதிகாரத்தை என் கையெழுத்தில் எழுதிக் கோத்துவிட்டு, உன் தாள்களை அடுப்பில் போட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருவிழாவன்று புத்தகத்தைப் பீடத்தருகே வைத்தபோது, மருமகள் வேல்விழியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாய். "இங்கனதேன் எழுதுனேன், பாரு" என்று புரட்டினாய். "என்னத்தே, ஒங்க கோழிக்கிறுக்கலக் காணமே, கனவுல எழுதுனீகளோ?" என்று அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற நான், உன் தாள்கள் மழையில் நனைந்து அழிந்துபோனதால் நானே எழுதிச் சேர்த்தேன் என்றேன். நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். "ஆண்டவருக்கே பிடிக்கல போல. மழைய அனுப்பி அழிச்சுட்டாக" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதன்பிறகு எந்த ஞாயிறும் நீ கோயிலுக்கு வரவில்லை.

அக்கம்மாள், எந்த மழையும் நனைக்கவில்லை. அவருக்குப் பிடிக்காமல் போகவுமில்லை. எனக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் உனக்குக் கொடுத்ததை நான் பறித்தேன்.

போன வாரம் பங்குத்தந்தை பிரசங்கத்தில் என் கையெழுத்தைப் புகழ்ந்தார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பூசை முடிந்ததும் அவரிடம் சொன்னேன். பிறகு மாதர் கூட்டத்திலும் சொன்னேன். சங்கிலியம்மாள் முகத்துக்கு நேரே, "எல்லாம் படிச்ச திமிரு" என்றாள். இதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

நான் எழுதியதை உருவிவிட்டு, அந்த இடத்தில் நான்கு வெற்றுத் தாள்களைக் கோத்திருக்கிறேன். இருபதாம் தேதி ஆயர் புத்தகத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க வருகிறார். நீ வராவிட்டால் அவை வெற்றாகவே அவர் முன் இருக்கும். வேறொரு கை அவற்றில் படாது. நீ எழுதும்போது நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். எவரும் திருத்தமாட்டார்கள்.

எனக்காக வரவேண்டாம். உன் கையை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. என் கைக்காக, உனக்கு மனம் வரும் நாளில், ஒரு ஜெபம் சொல்.

இப்படிக்கு,
பிலோமினா