பொடிப் பெட்டியில் வைத்தது

மார்ச் 4

இன்று எண்பத்தெட்டு கிலோ தலைக்கு மேல் போனது. முழங்கால் முனகவில்லை. தூக்கும்போதெல்லாம் எதிர்ச்சுவரில் பழைய பயிற்சியாளரின் முகத்தை நினைத்துக்கொள்கிறேன். நன்றாக வேலை செய்கிறது.

குழந்தை பிறந்து சில மாதம் கழித்துப் பயிற்சிக்குத் திரும்பியபோது, எல்லாப் பெண்களின் முன்னாலும் சொன்னார்: "உன் காலம் முடிஞ்சுது. போய்த் தொட்டில ஆட்டும்மா." அடுத்த வாரமே பளுதூக்கும் அணியில் என் இடம் அவருடைய அண்ணன் மகளுக்குப் போனது. மே மாதத் தேர்வுப் போட்டியில் அதைப் பிடுங்க வேண்டும். அவர் கண்ணெதிரே பிடுங்க வேண்டும்.

மார்ச் 9

தூக்கமில்லை. படுத்தால் அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறேன். நேற்று சொன்ன பதில் அபாரம். காலையில் மறந்துவிட்டது.

மார்ச் 15

உப்பு கேட்டதற்கு வீட்டுக்காரர்மேல் பாய்ந்தேன். "நான் உன் கோச் இல்லம்மா, புருஷன்" என்றார். சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22

மாவட்டப் போட்டி. மூன்றாம் வரிசையில் அவர்.

தொண்ணூறு கிலோ மேலே போனது. கைகள் நேராகிவிட்டன. இனி நடுவர் கையை இறக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான்? அவர் முகம் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கத் திரும்பினேன். தலை திரும்பினால் தோளும் திரும்பும். கம்பி பின்னால் விழுந்தது.

பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார் — தொட்டில்தான். வேறென்ன சொல்லியிருப்பான் அந்த ஆளு! இருக்கட்டும். விடமாட்டேன்.

மார்ச் 24

அவரை விட்டு வந்து நான் சேர்ந்த புதிய பயிற்சி மன்றத்தில் விளையாட்டு உளவியலாளரிடம் அனுப்பினார்கள். மன்னிப்பு, மறதி என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுவதென்ற முடிவோடு உட்கார்ந்தேன்.

"கம்பி மேல இருக்கறப்போ எதப் பாத்தீங்க?"

"அவர் மூஞ்சிய."

"அப்போ கம்பிய யாரு பாத்துக்கிட்டது?"



"கோபத்த விட்டுடச் சொல்றீங்களா, டாக்டர்?"

"ஐயோ, அது உங்க சொத்து. மேடைக்கு மட்டும் கூட்டிட்டு வராதீங்க. கைக்குப் பொடி பூசற பெட்டியில வெச்சுட்டு ஏறுங்க. எறங்கினதும் எடுத்துக்குங்க."

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"போனா அவங்க பாடு."

படுக்கையில் பேசுவதை இனி மாலையில் பேச வேண்டுமாம். கால் மணி நேரம், சத்தமாக. மேடையில் பார்ப்பதற்கு ஆளல்லாத ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

மார்ச் 30

மாடியில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். குழந்தையோடு நாத்தனார் வந்துவிட்டாள்.

"யார அண்ணி இந்தப் போடு போடறீங்க?"

"பழைய கோச்ச."

"போடுங்க போடுங்க. புள்ளய மட்டும் கீழ கொண்டுபோயிடறேன். நாளைக்கே திருப்பிச் சொல்லும்."

ஏப்ரல் 18

வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன். அதனால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. எழுதி வைக்கிறேன்.

மே 17

தேர்வுப் போட்டி. அவருடைய அண்ணன் மகள் தொண்ணூற்றிரண்டில் முடித்தாள். எனக்குக் கடைசி வாய்ப்பு. தொண்ணூற்று நான்கு கேட்டேன்.

பொடிப் பெட்டிக்குள் கையை விட்டேன். "இங்கயே கெட, வந்துடறேன்" என்றேன். அறிவிப்பாளர் ஒரு மாதிரி பார்த்தார்.

எதிர்ச்சுவரில் சிவப்புத் தீயணைப்பு வாளி. அதைப் பார்த்துத் தூக்கினேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவரின் கை இறங்கியது. மூன்று வெள்ளை விளக்கு: தூக்கியது செல்லும். அணியில் இடம் எனக்கு.

பேருந்தில் வீட்டுக்காரர் ஆவலாகக் கேட்டார்: "அந்தாளு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"வந்திருந்தாரா?" என்றேன்.

வாளியின் கைப்பிடி ஒரு பக்கம் கழன்றிருந்தது. அதைச் சொன்னேன்.

பெட்டியில் வைத்ததை எடுக்காமல் வந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்நேரம் மண்டபத்தைப் பூட்டியிருப்பார்கள்.