சாமி படத்துக்கு அடியில் பதினெட்டு நாள்

வந்திருந்தவர்கள்: தலைவராகப் பேராசிரியர் அம்மா. பெண்கள் விடுதிக் காப்பாளர். தேர்வுப் பிரிவிலிருந்து கண்காணிப்பாளர் ஒருவர். மாணவிகள் சார்பில் மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி. வெளி உறுப்பினராக நான். ஆக ஐந்து பேர். வராதவர்: நீ. விடுப்புக் கடிதமும் இல்லை.

எந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதினாலும் யார் இருந்தார்கள், யார் இல்லை என்றுதான் தொடங்க வேண்டும் என்பாய். அதனால் இந்தக் கடிதத்தையும் அப்படியே தொடங்கிவிட்டேன் அக்கா.

நேற்று பல்கலைக்கழகத்தில் மாணவர் குறைதீர்க்கும் குழு கூடியது. என் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்த அந்த ஏ.சி. அறையில் கற்பூரமும் காய்ந்த சாமந்தியும் கலந்த வாசனை கிளம்பியது. கடிதத்தின் மூலையில் குங்குமம் ஒட்டியிருந்தது. கண்காணிப்பாளர் அதை எடுத்து, திருப்பி, மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்கு அப்போது உன் சிரிப்புதான் கேட்டது.

நீ சிரிப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் மகள் கௌரியைக் கல்லூரியில் சேர்க்க விண்ணப்பம் எழுதியபோது, அதை முருகன் படத்துக்கு அடியில் ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீ அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "சாமிகிட்ட குடுத்த பேப்பர் சாமிகிட்டயே இருந்துரும்டி. அவரு எங்க எந்தக் குழுவுலயும் மெம்பர் இல்ல, எடுத்துட்டு வந்து குடுக்கறதுக்கு" என்றாய். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "உங்களுக்கு வாய்க்கு வாய் கிண்டல்தான்" என்றேன். அப்போதெல்லாம் உன்னை 'நீங்க' என்றுதான் சொல்வேன். எதிர்வரிசைக் குவார்ட்டர்ஸ் அக்கா 'நீ' ஆனது பிறகுதான்.

நான் எட்டாவதோடு நின்றவள். கௌரியின் பாடப் புத்தகங்களை அவளுக்கு முன்னால் நான் படித்துப் படித்துத்தான் மேலே வந்தேன். பால் கணக்கு நோட்டில் தேதி தவறாமல் எழுதுவேன். அதைப் பார்த்துத்தான் நம் பிளாக் பெண்கள் என்னை மார்கழி பஜனைக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்கள். நீயோ பல்கலைக்கழகத்தில் குழுக்கள் பிரிவில் இருந்தாய். நம் குடியிருப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் பஸ் ஏறி ஒரு மணி நேரம் போய் வருவாய். உன் வேலை என்ன என்று நான் கேட்டபோது, நீ எங்கள் பொங்கல் பாத்திரத்தைக் காட்டினாய்.

"என்ன பாடம் நடத்தணும்னு பாடத்திட்டக் குழு சொல்லும். உங்க வூட்டுல இன்னைக்கு வெண்பொங்கலா சக்கரைப் பொங்கலான்னு சொல்ற மாதிரி. அது சரியா தப்பான்னு கல்விக் குழு பாக்கும். ஆகட்டும், செய்யுங்கன்னு ஆட்சிக் குழு சொல்லும். எல்லாருக்கும் ஒரு பங்கு. ஒருத்தரு மட்டும் நெனச்சு எதையும் கெடுத்துற முடியாது."

"அப்ப அடுப்பு பத்த வைக்கறது யாரு?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இதை யாரும் கேட்டதில்லடி" என்றாய். அன்றிலிருந்து எனக்குச் 'செகரட்டரியம்மா' என்று பெயர். நூறு பேருக்குப் பொங்கல் வைக்க அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று நீ என்னிடம் கேட்பாய். கூட்டக் குறிப்பு எழுதுவது எப்படி என்று நான் உன்னிடம் கேட்பேன். ஒரு முடிவுக்குக் கீழே யார் செய்வது, எந்த நாளுக்குள் செய்வது என்ற இரண்டும் இல்லாவிட்டால் அது தீர்மானம் இல்லை, வாழ்த்து மடல் என்று சொன்னாய். என் நோட்டில் அந்த இரண்டுக்கும் தனித்தனியாகக் கோடு கிழித்துக் கட்டம் போட்டது அப்போதுதான். இன்றைக்கும் போடுகிறேன்.

கௌரியின் பட்டம் நின்றுபோன விஷயத்தை நாம் இரண்டு பேரும் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் அவள் வேதியியலை விட்டுக் கணிதத்துக்கு மாறினாள். முதலாண்டில் எழுதிய தாள்களைப் புதிய படிப்புக்கும் ஏற்றுக்கொள்ளலாம் என்று பாடத்திட்டக் குழு ஒப்புக்கொண்டது. அதைக் கல்விக் குழுவும் ஏற்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிந்து அவள் வகுப்பில் எல்லாருக்கும் முடிவு வந்தது. அவளுக்கு மட்டும் 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. என் வீட்டுக்காரர் ஷிப்டு மாற்றிக்கொண்டு ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். துறையில், நாங்கள் அனுப்பிவிட்டோம் என்றார்கள். கல்விக் குழுவில், இங்கே வரவே இல்லை என்றார்கள். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் நாங்கள் என்ன செய்வது என்று தேர்வுப் பிரிவில் கேட்டார்கள். மூன்று பேர் சொன்னதும் உண்மைதான். யார் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. கௌரி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

"நானே தேடிப் பாக்கறேன், கவலைப்படாத" என்று நீ சொன்னாய். நான்கு நாள் கழித்து, அலுவலகத்திலிருந்து நேராக, கைப்பையைக்கூட உன் வீட்டில் வைக்காமல் எங்கள் கேட்டுக்கு வந்து நின்றாய்.

"பாடத்திட்டக் குழு அனுப்புன பேப்பர் என் பீரோவுலதான் இருந்துச்சு. வேற ஃபைல் பின்னாடி க்ளிப்புல மாட்டிக்கிட்டு. அதுல மூணு பிள்ளைங்க பேரு. கூட்டத்துக்கு வைக்க வேண்டியது நான்தான். நான்தான் வைக்கல."

ஏன், எப்படி என்று ஒரு சமாதானமும் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "தெனம் எங்க வூட்ல உக்காந்து காப்பி குடிச்சிகினு, எம் பொண்ணு தலையிலயே கல்லப் போட்டுட்டியேக்கா!" என்றேன். கேட்டைச் சாத்திக் கொண்டியும் போட்டேன். உள்ளே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ போகவில்லை. சாத்திய கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எதிர்வீட்டுக் குழந்தைகள் சைக்கிளில் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த கல்விக் குழுவிலேயே பட்டம் வந்துவிட்டது. நான்தான் உன்னிடம் வரவில்லை. கோயிலில் உன்னைக் கண்டால் பிராகாரத்தை மறுபக்கமாகச் சுற்றினேன். மார்கழி பிறந்தது. பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒரு தொன்னை நீண்டது. "செகரட்டரியம்மா, எனக்குப் பொங்கல் உண்டா? இல்ல, குழு கூடித்தான் முடிவு பண்ணணுமா?" என்ற குரல் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது. பழியை அடுப்புப் புகைமேல் போட்டேன். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று இருவரும் நடந்துகொண்டோம்.

நீ போன அன்று, உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, உன் அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அந்தக் காகிதம் கிடைத்ததும் உன் மேலதிகாரி, "மூணு எடம் கைமாறி வந்த பேப்பர்ங்க. எங்க தவறுச்சுன்னு யாருக்குத் தெரியும்? வழியில தாமதம்னு எழுதிடலாம்" என்றாராம். நீ ஒப்புக்கொள்ளாமல் உன் பெயரையே எழுதிக் கொடுத்தாயாம். உனக்கு வர வேண்டிய பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனதாம். எனக்கு இது தெரியவே தெரியாது. உன்னிடம் கேட்க எழுந்தேன். அந்த அம்மா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நீ போவதற்கு முந்தின வருஷம், வெளி உறுப்பினராக என் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாய். பஜனைக் குழுவோடு நம் பிளாக் மகளிர் சங்கத்துக்கும் நான் செயலாளராகியிருந்தேன், அதைப் போட்டாயாம். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நான் இந்தத் தவறைச் செய்தேன்.

பவித்ரா என்று ஒரு பெண். ஊர் குறிஞ்சிப்பாடி, அப்பா தறி நெய்கிறவர். மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போக விடுதிக் குழு விடுப்புக் கொடுத்துவிட்டது. ஆனால் வருகை நாள் குறைந்ததைப் பொறுத்துக்கொண்டு தேர்வெழுத விட வேண்டியது தேர்வுக் குழு. அதற்கு மருத்துவர் கடிதம் வேண்டும். கேட்ட நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும். வருஷம் போனால், படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார் என்று அப்பா சொல்லியிருந்தார்.

போன கூட்டத்தில்தான் அந்தக் கடிதத்தைக் கேட்டோம். அன்றே, நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஓடிவந்து என் கையில் கொடுத்தாள். "வார்டன் மேடம் லீவுல போயிட்டாங்களாம் மேடம். பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒங்களத் தேடிகினே வந்தேன். நீங்க சேத்துடுறீங்களா?" என்றாள். சேர்த்துவிடுகிறேன் கண்ணு என்றேன். வீட்டுக்கு வந்தேன். நல்லபடியாக நடக்கட்டும் என்று முருகன் படத்துக்கு அடியில் வைத்தேன். மறுநாள் கிருத்திகை. படத்தைத் துடைத்து, புதுத் துணி விரித்து, பூப் போட்டேன். கடிதம் துணிக்கு அடியில் போய்விட்டது. என் நினைவிலிருந்தும் போய்விட்டது.

நேற்றுக் காலை கூட்டத்துக்குக் கிளம்புமுன் விளக்கேற்றும்போது துணியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மூலை தெரிந்தது. கணக்குப் பார்த்தேன். பதினெட்டு நாள்.

பஸ்ஸில் ஒரு மணி நேரமும் அந்தக் கடிதம் என் மடியில் இருந்தது. பொய் சொல்லக்கூட வேண்டாம், பேசாமல் மேசையில் வைத்தால் போதும் என்று மனசு சொன்னது. படிக்காதவளை உறுப்பினராகப் போட்டால் இப்படித்தான் என்பார்கள் என்று பயந்தேன். நீ கொடுத்த இடம் போய்விடும் என்று அதைவிடப் பயந்தேன்.

வைத்தேன். கண்காணிப்பாளர் நாளைப் பார்த்தார். "பதினஞ்சு நாள் தாண்டிருச்சே. லேட்டாக் குடுத்தா அந்தப் பொண்ணுதான் பொறுப்பு. நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"உரிய காலத்தில் பெறப்படவில்லை. உரிய குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது" என்று சொல்லிக்கொண்டே தலைவரம்மா குறிப்பு எழுத ஆரம்பித்தார்.

"அவ அன்னைக்கே குடுத்துட்டா மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "என் கையிலதான் குடுத்தா. நான்தான் சேக்கல."

"இத்தனை நாள் எங்கம்மா இருந்துச்சு?" என்றார் கண்காணிப்பாளர்.

"சாமி படத்துக்கு அடியிலங்க."

மாணவி குனிந்துகொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. தலைவரம்மா பேனாவை வைத்தார். "இதை நான் எப்படிம்மா எழுதறது?"

விடுதிக் காப்பாளர் நல்ல மனசுள்ளவர். "அம்மா பேரெல்லாம் எதுக்குங்க மேடம். குழுவுக்கு வந்து சேரத் தாமதம்னு போட்டுடலாமே" என்றார்.

"வேணாங்க. குழுவுன்னு போட்டா, அந்தப் பொண்ணு எப்ப குடுத்தான்னு நாளைக்கு எவனாச்சும் மறுபடி கேப்பான். இன்ன நாளு எங்கிட்ட குடுத்தா, நான் வச்சிகினு இருந்துட்டேன்னு எழுதுங்க. என் பேரு போடுங்க" என்றேன்.

போட்டார். உறுப்பினர் கையில் கொடுத்த நாளே குழுவுக்குக் கொடுத்த நாள் என்று கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டார். தேர்வுக் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. எடுத்துக்கொண்டு போவது யார் என்று கேட்டேன். "நானே எடுத்துட்டுப் போறேன், எழுதிக்கங்க" என்றார் அவரே. இரண்டு கட்டத்தையும் நிரப்பிக்கொண்டேன். நான் உறுப்பினராகத் தொடரலாமா என்பதை ஆட்சிக் குழு பார்த்துக்கொள்ளுமாம். பார்த்துக்கொள்ளட்டும்.

வெளியே பவித்ரா காத்திருந்தாள். அவளிடமும் சொன்னேன். ஒரு சமாதானமும் சொல்லவில்லை. உன்னைப் பார்த்துக் கற்றதுதான். அவள் முகம் வெளுத்துப்போனது. நான் அவளுடைய கோபத்துக்குத் தயாராக நின்றேன். "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு மேடம். வாங்க, நிறுத்தம் வரைக்கும் வரேன்" என்றாள். என் பையை வாங்கிக்கொண்டாள். பஸ் நகரும்வரை நின்றாள்.

பத்தொன்பது வயசுப் பெண்ணுக்குச் செய்யத் தெரிந்தது, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை அக்கா. உன் கையிலும் ஒரு பை இருந்தது. நான் அதை வாங்கி வைத்துவிட்டு ஒரு வாய் காப்பி கொடுத்திருக்கலாம்.

உன் குவார்ட்டர்ஸில் இப்போது புதுசாக ஒரு குடும்பம். கேட்டுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். இன்று மாலை எங்கள் கேட்டில் நீ நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலில் நிற்பவள் நன்றாகத் தெரிகிறாள். அப்படியென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். தெரிந்தும் மார்கழியில் தொன்னையை நீட்டினாய்.

இவ்வளவு வருஷமாகக் கேட்காததை இப்போது கேட்கிறேன். அன்றைக்கு நான் கேட்டைச் சாத்தியதை நீ மன்னித்துவிட்டாயா, இல்லை எனக்காகச் சிரித்து வைத்தாயா? எதுவானாலும் உள்ளதை எழுது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தால் நல்லது. சீக்கிரம் எழுது.