வேப்பிலையும் மஞ்சளும்

பிப்ரவரி 3, 1959. கறம்பக்குடி.

கல்லீரல் முடிந்தது. பத்து நாளில் இரண்டு சுற்று. சென்னையில் மருத்துவக் கல்லூரி விடுதியில் இருந்திருந்தால் பாதிப் பொழுது பேச்சிலேயே போயிருக்கும். பரீட்சை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தது நல்ல காரியம். போன வருடம் வாய்மொழித் தேர்வில் கல்லீரலைப் பற்றி உளறிவிட்டு வந்த சம்சுன் நிஹார் நானில்லை, வேறு யாரோ. இனி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடுத்தது பித்தப்பை, அதற்கப்புறம் கணையம். கணையம் ஆள்தான் சின்னது, செய்கிற அட்டகாசம் பெரிது. பார்த்துக்கொள்கிறேன்.

அத்தாவின் கடலை மண்டிக்காக எட்டுப் பெண்கள் எங்கள் கொல்லையில் உட்கார்ந்து கடலை உடைக்கிறார்கள். நான் சத்தம் போட்டுப் படிப்பது அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

பிப்ரவரி 5

பித்தப்பையில் கல் யாருக்கு அதிகம் வரும்? மறக்காமலிருக்கத் தமிழில் பாட்டுக் கட்டிவிட்டேன்: நாற்பது வயசு, நாலு பிள்ளை, நல்ல சதை. இதைச் சொல்லிக்கொண்டே கொல்லையில் நடந்தபோது ராக்காயி அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னையவா சொல்றீங்க, பாப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். சிரிப்பு அடங்கியதும் அக்கா முழங்கையைச் சொறிந்துகொண்டே கேட்டாள். "ஒடம்பெல்லாம் ஒரே அரிப்புங்க. ஏதாச்சும் வைத்தியம் சொல்லுங்க."

கடலைத் தூசிதான், வேறென்ன? "வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு மூஞ்சியிலேருந்து காலு வரைக்கும் தெனம் பூசுங்க, போயிரும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். என் முதல் வைத்தியம்!

பிப்ரவரி 9

அக்கா உச்சி முதல் உள்ளங்கால் வரை மஞ்சளாக வந்து, "டாக்டரம்மா மருந்து" என்று எல்லாரிடமும் காட்டுகிறாள். அத்தா இதைக் கடைத்தெரு வரைக்கும் கொண்டுபோய்விட்டார். பெண்பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லிவிட்டாராம்.

பிப்ரவரி 12

அடைப்புக் காமாலை. கல்லோ கட்டியோ பித்தக் குழாயை அடைத்துக்கொள்ளும்போது வருவது. சிலருக்கு உடம்பு மஞ்சளாகும் முன்பே அரிப்பு வந்துவிடும். இந்த வரியின் கீழே சிவப்பில் கோடு போட்டேன். கட்டாயம் கேட்பார்கள்.

பிப்ரவரி 16

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் கொல்லைத் தென்னையிலிருந்து மட்டை ஒன்று விழுந்தது. கடலை உடைத்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நல்ல வெயில். ஏழு பேருக்கும் கண் வெள்ளை. ராக்காயி அக்காவின் கண் மட்டும் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது.

மஞ்சளைத் தோலில் பூசலாம். கண்ணுக்குள் யார் பூசுவது?

தனியே கூப்பிட்டுக் கேட்டேன். சிறுநீர் கடுந்தேயிலைத் தண்ணி மாதிரிப் போகிறதாம். மலம்? கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "வெள்ளையா, களிமண்ணாட்டம் போகுதுங்க." வலி உண்டா? "தின்னா வலது பக்கம் குத்தும். அது ரெண்டு வருசமா இருக்கு. நேத்துத்தான் குளிருக் காய்ச்ச வந்து தூக்கித் தூக்கிப் போட்டுச்சு."

நாற்பது வயசு, நாலு பிள்ளை, நல்ல சதை, அரிப்பு. பாடப் புத்தகமே எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்து கடலை உடைத்திருக்கிறது. நான் அதன்மேல் மஞ்சள் பூசி மூடியிருக்கிறேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்குக் காமாலையே வெறும் மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது! பதினோரு நாள்... அடியே, நீயெல்லாம் என்னடி படிச்சே?

குழாயில் சீழ் பிடித்தால் அக்கா பிழைப்பது கஷ்டம். அதுவும் புத்தகத்தில் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 17

காலையில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். புருஷன் மலையாண்டியிடம், உடனே புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆபரேஷன்கூடச் செய்ய வேண்டியிருக்கும் என்றேன்.

"நீங்க பூசச் சொன்னீங்க, பூசுனா. இப்ப நீங்களே அறுக்கணுங்கிறீங்க" என்றார்.

அம்மா வாசலிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: "நீ சொன்னது தப்புன்னு மட்டும் வாயத் தொறந்துராத. அத்தா வெளியில தலகாட்ட முடியாது." அத்தாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் அதைச் சொல்லாமல் மலையாண்டிக்கு எப்படிப் புரியவைப்பது?

"நான் தப்பாச் சொல்லிட்டேன், அண்ணே. கண்ணைப் பாத்திருக்கணும். பாக்கல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "விராலிமலைக்கு வேண்டியிருக்கோம். செவ்வாக்கெழம போயிட்டு வந்துர்றோம், அப்புறம் பாப்போம்" என்றார். அடுத்த செவ்வாய்க்கு ஏழு நாள் இருக்கிறது!

"முருகன் எங்கிட்டும் போயிற மாட்டாரு, அண்ணே. பத்து மணி பஸ்ஸு போயிரும்."

நான் இப்படிச் சொன்னதற்கு அவர் கோபப்பட்டிருக்கலாம். அதற்குள் அக்கா உள்ளேயிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்துவிட்டாள். "நீங்க மலைக்குப் போங்க. நான் பாப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போறேன். என்னால இனி சொறிய முடியாது" என்றாள்.

மூன்று பேரும் பத்து மணி பஸ்ஸில்தான் போனோம்.

பிப்ரவரி 18. புதுக்கோட்டை.

சர்ஜன் அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தான் கவனித்தீர்களா?"

"ஆமாம் சார். பதினோரு நாள் தாமதமாக."

அவர் சீட்டில் ஊசி மருந்தை எழுதினார். ரத்தம் உறைவதற்கு ஊசி போட வேண்டும், காய்ச்சல் அடங்க வேண்டும், பிறகுதான் கத்தி என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரீட்சைக்குப் போங்க பாப்பா, நான் எங்க போயிறப் போறேன்" என்கிறாள். எனக்கு ஆறுதல் சொல்ல அவள்!

மார்ச் 2. சென்னை.

கடிதம் இல்லை.

மார்ச் 9

எழுத்துத் தேர்வு. மூன்றாவது கேள்வி அடைப்புக் காமாலை. பக்கம் பக்கமாக எழுதினேன். இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. வெளியே வந்ததும் விடுதிக்கு ஓடினேன். இன்றும் கடிதம் இல்லை.

மார்ச் 12

அத்தாவின் கடிதம், நாலே வரி. 'ராக்காயிக்கு ஆபரேஷன் முடிந்தது. மூன்று கல் எடுத்தார்கள். நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கிறாள். நீ தப்புச் சொன்னதாக ஒப்புக்கொண்டதை மலையாண்டி கடைத்தெருவில் சொல்லிவிட்டான்; நான் தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், நீ படி.'

அழுதேன். முகம் கழுவினேன். கணையத்தை இரண்டாம் சுற்று முடித்தேன்.

மார்ச் 26

செய்முறைத் தேர்வு. எனக்கு வந்தது ஒரு நடுவயதுப் பெண், முகத்தில் மஞ்சள். இடம் வார்டு மூலை, மேலே ஒரு மங்கல் பல்பு. கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ள அனுமதி கேட்டேன். எதற்கு என்றார் பரீட்சகர். "கண்ணைப் பார்க்க வேண்டும் சார்." கண் பால் மாதிரி வெள்ளை. அந்த அம்மாவுக்கு இதய நோய், கல்லீரலில் ஒன்றுமே இல்லை. பரீட்சகர் சிரித்துவிட்டார். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 10, 1960. கறம்பக்குடி.

வீட்டு முன்னறையில் டாக்டர் போர்டு மாட்டி ஐந்து நாள் ஆகிறது. இன்று பதினான்கு பேர். பல்வலி என்று வந்த பொன்னுத்தாய் வாயைத் திறக்கவில்லை. நேரே ஜன்னலடியில் போய் நின்று கீழிமையை இழுத்துப் பிடித்தாள். "மொதல்ல இதப் பாருங்க." அடுத்து வந்தவளுக்குக் காலில் முள். அவளும் இமையை இழுத்தாள்.

"யாரு சொல்லி விட்டது?"

"வாசல்ல ராக்காயி அக்கா நிக்கிதுல்ல. மூஞ்சியக் கழுவிட்டுத்தான் உள்ள விடுது."

எட்டிப் பார்த்தேன். அக்கா கையில் செம்புத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் மட்டும் பளபளவென்று மஞ்சள்.

"ஒங்க மூஞ்சிய யாருக்கா கழுவுறது?"

"எனக்குத்தான் கல்ல எடுத்தாச்சே, பாப்பா."

வெயிலில் நிறுத்தி, இமையை நானே இழுத்துப் பார்த்தேன். வெள்ளை.