ஆடியில் வந்த பத்திரிகை

26 ஜூலை, சனி

வெயில். காலையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குழாய் வடிகட்டி மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு, இன்றும் தள்ளிப்போட்டாயிற்று. பத்மா பாசாருக்குப் போய் கெம்போங் மீன் வாங்கி வந்தாள். மீனுக்குக் கண் சிவந்து கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த முறை நான்தான் போக வேண்டும்.

பாக்கி வேலை: வடிகட்டி. மோட்டார் சைக்கிள் ரோட் டேக்ஸ். பல் டாக்டர் (பயம்).

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் பந்திங் ஊரிலிருந்து வாட்ஸ்அப். குணாவின் நம்பர். என் ஒரே தங்கை மல்லிகாவின் புருஷன். மலாயில் இரண்டு வரி: கல்யாண அழைப்பு, திறந்து பார்க்கவும், அவசியம் வரவும். கீழே ஒரு கோப்பு.

ரத்தம் தலைக்கேறிவிட்டது. அவர்கள் மகள் தேவிக்குக் கல்யாணம்! எனக்குத் தெரியாமல்! நான் தாய்மாமன். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து நீட்ட வேண்டிய பத்திரிகை. சாமிக்கு அடுத்தது எனக்கு. அதைப் போனில் தள்ளிவிடுகிறான். அதுவும் மலாயில், எண்ணெய் மில்லில் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்குப் போட்டதையே எனக்கும். அதுவும் ஆடியில்! ஆடியில் எவனாவது பத்திரிகை வைப்பானா?

பத்மா: “மல்லிகாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேன்.”

“நான் ஏன் போடணும்? கூப்பிட வேண்டியது அவுங்க.”

திறந்தேன். வேறு எதற்கு, என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தால் எந்த இடத்தில். குணாவின் அண்ணன் பெயருக்கு மேலேயா, கீழேயா. போன் ஏதோ கேட்டது. தெரியாத இடத்திலிருந்து வந்த கோப்பு, ஆபத்தாக இருக்கலாம், நிறுவலாமா? அனுமதி. எஸ்எம்எஸ்களைப் படிக்கலாமா? அனுமதி. கண்ணாடிகூடப் போடவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. பத்திரிகையைக் காணோம்.

அந்த வேகத்திலேயே குணாவுக்கு வாய்ஸ் மெசேஜ். “தட்டு வச்சுக் கூப்பிடத் தெரியாத வீட்டுக்கு நான் எதுக்கு? மாமன் செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டு நடத்துங்க.”

அனுப்பியதும் மனசு லேசானது. மீன் குழம்பு நன்றாகவே இருந்தது.

27 ஜூலை, ஞாயிறு

புகைமூட்டம். எதிர் பிளாக் சரியாகத் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் முழுக்க யாரோ குப்பை கொளுத்துகிற வாசனை.

எழுந்தால் போன் கையைச் சுடுகிறது. நான் கேட்காத ரகசிய எண்கள் வங்கியிலிருந்து வரிசையாக வந்து கிடக்கின்றன. கணக்கைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த சட்டி. மாதக் கடைசி, திருடனுக்கும் பெரிய விருந்தில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். பத்மா சிரிக்கவில்லை. அவள் தையல் காசும் அதில்தான் இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அவள் போனை வாங்கி வங்கிக்கு அழைத்தேன். தமிழ்ப் பெண். பொறுமையாகக் கேட்டாள். கோப்பின் பெயர் கடைசியில் ஏ, பி, கே என்று முடிகிறதா? முடிகிறது.

“அங்கிள், அது கார்டு இல்ல. ஆப். அவன் ஒங்க போனுக்குள்ள ஒக்காந்துகிட்டு எஸ்எம்எஸ் எல்லாத்தையும் படிப்பான். இந்நேரம் ஒங்க போன்லேருந்து எல்லாருக்கும் அதே கார்டு போயிருக்கும். ஒடனே சொல்லிருங்க. யாராச்சும் தொறந்திருந்தா மெசேஜ அழிச்சா மட்டும் பத்தாது அங்கிள். போனையே ஆஃப் பண்ணிட்டு அவுங்க பேங்க்குக்குக் கூப்பிடணும்.”

“சரிம்மா,” என்றேன்.

போன் அணைப்பு: ஆயிற்று.
கணக்கு முடக்கம்: ஆயிற்று.
போலீஸ் ரெப்போர்ட்: நாளை.
எல்லாருக்கும் சொல்வது:

எல்லாருக்கும் என்றால்? சுங்கை வே தொழிற்சாலையில் என் ஸ்டோர் ஆட்கள். கோயில் கமிட்டி. இந்த ஃப்ளாட் முழுவதும். போன கமிட்டிக் கூட்டத்தில், போனில் ஏமாந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “கொஞ்சம் மூளைய யூஸ் பண்ணக்கூடாதா?” என்று மைக்கில் கேட்டவன் நான். நன்றாகக் கை தட்டினார்கள்.

மதியம் பத்மா போனிலிருந்தே குணாவுக்கு அழைத்தேன். எடுத்ததும் அவர் குரல் உள்ளே போய்விட்டது.

“மச்சான்... எனக்கு வியாழக்கெழமையே அடிச்சிட்டான். மில்லு சூப்பர்வைசர் நம்பர்லேருந்து வந்துச்சு, தொறந்துட்டேன். மெசேஜ அழிச்சாப் போதும்னு விட்டுட்டேன்.”

“வியாழக்கெழமையே தெரியுமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாது?”

“நீங்க சிரிப்பீங்கன்னுதான்.”

சிரித்திருப்பேன். தீபாவளி வரைக்கும் வைத்துச் சிரித்திருப்பேன்.

கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. தேவி ஷா ஆலமில் வேலைக்குச் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறாள். பெண் பார்க்கக்கூட யாரும் வரவில்லை. வாய்ஸ் மெசேஜைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. குணாவே சொன்னார்: “கேட்டோம் மச்சான். மல்லிகாவுந்தான்.” பின்னாலிருந்து தங்கையின் குரல்: “எங்கண்ணன உட்டுட்டு எம்பொண்ணுக்குக் கல்யாணம் வைப்பேனா? அப்படியா நெனச்சாரு? அதக் கேளுங்க.”

போனைப் பத்மா கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன். தட்டு இல்லை, தமிழ் இல்லை, ஆடி மாதம். மூன்றையும் நானே சரியாகக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை வைத்துச் சந்தேகப்படாமல் கோபப்பட்டேன். என்னைத் தவிர வேறு யாருக்கு இப்படி வரும்.

ஆனாலும் குணாவின் மேல்தான் ஆத்திரம். இந்த மனுஷன் வியாழக்கிழமையே வாயைத் திறந்திருந்தால்? மாலை வரை மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாலை, கதவு தட்டும் சத்தம். மேல்மாடி ராஜம் டீச்சர். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சிங்கப்பூரில், இவர் இங்கே தனியாக. தேவி எங்கள் வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் டீச்சரிடம்தான் தமிழ் படித்தாள். கையில் பெரிய பை. முகமெல்லாம் சிரிப்பு.

“நேத்து ராத்திரி ஒங்க கார்டு வந்துச்சு சார். தேவிக்குத்தானே? எவ்ளோ அமுக்கியும் தொறக்கல, வெள்ளையாவே வருது. எந்த மண்டபம்? ஆடியில அனுப்புறாரேன்னு நெனச்சேன், சரி, இந்தக் காலத்துப் புள்ளைங்க அதெல்லாம் எங்க பாக்குது.”

பைக்குள் குத்துவிளக்கு. இன்று காலையே கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார்.

எவ்வளவோ அமுக்கியிருக்கிறார். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: நான் ஏமாந்துட்டேன் டீச்சர், ஒங்க போன ஆஃப் பண்ணணும்.

சொன்னது: “அது தப்பாப் போயிருச்சு டீச்சர். வேற யாருக்கோ அனுப்ப வேண்டியது. அழிச்சிருங்க.”

அங்கேயே நின்று அழித்தார். என்னிடம் காட்டினார். “போச்சா?”

“போச்சு.”

விளக்கைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. என்றைக்கானாலும் அவளுக்கு நடக்கத்தானே போகிறது என்று வைத்துவிட்டுப் போனார்.

பத்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். சாப்பாடு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

28 ஜூலை, திங்கள்

மூட்டம் கொஞ்சம் குறைந்தது. வேலைக்குப் போனேன். போர்க்லிஃப்ட் ஓட்டும் சாமி: “போஸ், வீட்ல கல்யாணமா? கார்டு வந்துச்சு, என் போன்ல தொறக்க மாட்டேங்குது லா.” அவன் போன் வேறு வகை, தப்பித்தான். “அது ஏதோ வைரஸ்,” என்றேன். எனக்குச் சம்பந்தமில்லாத வைரஸ் மாதிரி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைக் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் துடைத்தாயிற்று. கடைக்காரப் பையன் எப்படி அங்கிள் ஆச்சு என்று கேட்டான். பேத்தி விளையாடியது என்றேன். எனக்குப் பேத்தி கிடையாது. பிள்ளையே கிடையாது.

எல்லாருக்கும் அனுப்ப எழுதிப் பார்த்தது:

“மர்ம நபர்களால் என் எண்...” மர்ம நபராம். பேப்பரில் வருகிற மாதிரி.

“என் போனில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு...” கோளாறு போனில் இல்லை.

“நான் ஏமாந்துவிட்டேன். கல்யாணக் கார்டு என்று வந்ததை...” அழித்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் பத்மா: “டீச்சர்கிட்டயாச்சும் போய்ச் சொல்லுங்க.”

“அதான் அழிச்சிட்டாங்களே.”

“அழிச்சாப் பத்தாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. போன் என்னோடது.”

சட்டையை மாட்டிக்கொண்டு படியேறினேன். டீச்சர் வீட்டுக்குள் டிவி சீரியல் சத்தம். நிம்மதியாகத்தானே இருக்கிறார் என்று இறங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, “தூங்கிட்டாங்க போல,” என்றேன். பத்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சீரியல் சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

30 ஜூலை, புதன்

நல்ல மழை. வடிகட்டி மாற்றினேன். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ராஜம் டீச்சர். குடை இல்லாமல் எங்கேயோ போய் வந்திருக்கிறார், தோளெல்லாம் ஈரம்.

“சார், நான் ஏதோ முட்டாள்தனம் பண்ணிட்டேன் போல. மெஷின்ல பணம் எடுக்கப் போனேன். ஒண்ணுமே இல்ல.”

ஓய்வு பெற்றபோது வந்த பணம். அதைத் தொடாமல் வைத்திருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“போன வாரம் பாசார்ல ஒரு க்யூஆர் ஸ்கேன் பண்ணேன். அதாத்தான் இருக்கும். எம்மவன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க சார். ஒன்னால தனியா இருக்க முடியாதும்மான்னு சிங்கப்பூருக்கு இழுத்துட்டுப் போயிருவான். அங்க அந்தச் சின்ன ரூம்ல நான் என்னா பண்ணுவேன்? நீங்க கூட வந்தா பேங்க்குக்குப் போயிட்டு வந்துரலாம். ஒங்களுக்குத்தான் வெவரம் தெரியும்.”

லீவு சொல்லிவிட்டுப் போனேன். டீச்சரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சுவரில் மோசடி எச்சரிக்கைப் போஸ்டர், நான்கு மொழியில். தமிழில் இரண்டு எழுத்துப் பிழை. மற்ற நேரமாக இருந்தால் கவுன்டரில் போய்ச் சொல்லியிருப்பேன்.

டீச்சர் வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “ஏதோ ஆப்பாம். நாளைக்கு போலீஸ் பாலாய்ல ரெப்போர்ட் பண்ணணுமாம்,” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது மழைத் தண்ணீரில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கையை உதறிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. கையைக் கொடுத்தபடியே நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மெசேஜை எழுதிவிட்டேன். “நான் ஏமாந்துவிட்டேன். என் போனிலிருந்து கல்யாணக் கார்டு வந்திருந்தால் தொடாதீர்கள். தொட்டிருந்தால் உடனே போனை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து உங்கள் வங்கிக்கு அழையுங்கள். எதுவாக இருந்தாலும் முதலில் எனக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.” கோயில் கமிட்டிக்கு, ஸ்டோருக்கு, ஃப்ளாட் ஆட்களுக்கு, பந்திங்குக்கு. உடனே பதில்கள். கமிட்டித் தலைவர் கை கூப்பும் படம். குணா: “நல்ல காரியம் பண்ணீங்க மச்சான்.” வெட்கமாக இருந்தது. பாராட்டுகிற காரியமா இது?

டீச்சர் நம்பருக்கு மட்டும் அனுப்பவில்லை. பத்மாவிடம் அதைச் சொல்லவும் இல்லை.

31 ஜூலை, வியாழன்

வெயில் திரும்பிவிட்டது. காலை டீச்சரோடு போலீஸ் பாலாய். பிளாஸ்டிக் நாற்காலிகள், எங்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் தொலைத்த ஒருவர். டீச்சர் கடையில் கட்டிய நாசி லெமாக் இரண்டு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். “காலையில சாப்பிட்டிருக்க மாட்டீங்க.” சாப்பிட்டேன்.

மேசையில் சின்ன வயது மலாய் அதிகாரி. மரியாதையான ஆள், டீச்சரை அம்மா என்றே கூப்பிட்டார். டீச்சர் உட்கார்ந்தார், நான் பின்னால் நின்றேன். பெயர், ஐசி அட்டை நம்பர், விலாசம். பிறகு, கார்டு என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறந்தீர்களாமே, வங்கி எழுதியிருக்கிறது. அது யார் நம்பரிலிருந்து வந்தது?

வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் டீச்சருக்கு நேற்றே தெரியும். அந்த மழையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோதே தெரியும்.

டீச்சர் மேசையைப் பார்த்துச் சொன்னார்: “ஞாபகம் இல்லை. ஏதோ தெரியாத நம்பர்.” நன்றாக மலாய் பேசுகிறவர். அந்த இரண்டு வாக்கியத்துக்குத் தடுமாறினார். எனக்காகத்தான். நானும் தன்னைப் போலத் தெரியாமல் மாட்டியவன், அவமானப்பட வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

அதிகாரி டைப் பண்ண ஆரம்பித்தார்.

“என் நம்பர்,” என்றேன். “என் போனிலிருந்து போனது.”

டைப் பண்ணுவதை நிறுத்திவிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். டீச்சர் என் கைமேல் கை வைத்தார். “அவருக்குத் தெரியாம போனது,” என்று அதிகாரியிடம் சொன்னார்.

அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்: உங்கள் போனிலிருந்து போகிறது என்று உங்களுக்கு எப்போது தெரியும்?

டீச்சரின் கை இன்னும் என் கைமேல்தான் இருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை,” என்றேன். “காலையில்.”